கும்பத்தருகே காத்திருப்போர்

பாபநாசத்திற்குத் தெற்கே, வெட்டாற்றங்கரையில் அமைந்த திருக்கருகாவூரை அறியாத குடும்பங்கள் நம்மிடையே குறைவு. முல்லைவனநாதரும் கர்ப்பரட்சாம்பிகையும் அருள்பாலிக்கும் அத்தலத்தின் புராணம் நாம் பலமுறை கேட்டதே. நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கருவுற்றிருந்தாள். கணவர் இல்லாத வேளையில் ஊர்த்துவபாதர் என்னும் முனிவர் பிச்சை வேண்டி வந்தார். கர்ப்பத்தின் அயர்ச்சியால் அவளால் உடனே எழுந்து உபசரிக்க இயலவில்லை. முனிவர் சபித்தார், கரு கலையலாயிற்று. வேதிகை கதறி அழைக்க, அம்பிகை அக்கருவை ஒரு தெய்விகக் கும்பத்தில் ஏந்தி, மாதம் நிறையும்வரை காத்து, நைதுருவன் என்னும் மகவாக அவளிடம் அளித்தாள். அக்குழந்தைக்குக் காமதேனு பால் சொரிந்தது என்றும், அதனால் உண்டானதே கோயிலின் எதிரே உள்ள பாற்குளம் என்றும் கூறுவர்.

இக்கதையில் ஓர் இடத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். கும்பத்தில் கரு வளர்ந்த அந்நாட்களில் பெற்றவள் மனம் எவ்வாறு இருந்திருக்கும்? தன் வயிற்றில் இருக்க வேண்டிய உயிர், தன் கைக்கு எட்டாத வேறொரு பாத்திரத்தில் வளர்வதைக் கண்டுகொண்டு அவள் எப்படி நாட்களைக் கழித்தாள்? இன்றும் பல்லாயிரம் வேதிகைகள் அந்த நாட்களைக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள், மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில். அவர்களுக்கு வீட்டுப் பெரியவர்களாகிய நாம் என்ன செய்ய முடியும் என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணாடிக் கும்பம்

முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறப்பதைக் குறைப்பிரசவம் என்கிறார்கள். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அவ்வாறு பிறந்தன. பத்தில் ஒரு குழந்தை என்று கொள்ளலாம்.

இன்று நாம் காணும் இன்குபேட்டருக்கு மூலம் கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவி. 1880-ஐ ஒட்டிப் பாரிஸ் நகரின் உயிரினப் பூங்காவில் அதைக் கண்ட தார்னியே என்னும் மகப்பேறு மருத்துவர், குறைமாதக் குழந்தைகளுக்கும் அத்தகைய வெப்பப் பெட்டியை அமைத்தார். அவர்வழி வந்த புதேன் என்னும் மருத்துவர் மற்றோர் உண்மையைக் கண்டார். பெட்டி குழந்தையைக் காக்கிறது. ஆனால் தாயைப் பிரித்துவைத்தால் தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. ஆகவே தாயை அருகில் வரவிடுங்கள், பாலூட்டவிடுங்கள் என்று அவர் வற்புறுத்தினார்.

வெப்பம் மட்டும் போதவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஓர் ஆண் குழந்தை பிறந்ததை நம்மில் சிலர் செய்தித்தாளில் படித்திருக்கலாம். எடை இரண்டு கிலோவுக்கும் சற்று மேல். நாற்பது மணி நேரம்கூட அது வாழவில்லை, காரணம், மூச்சுத்திணறல். முதிராத நுரையீரலின் நுண்ணறைகளை ஒட்டிக்கொள்ளாமல் விரித்துவைக்கும் சர்பாக்டன்ட் என்னும் பொருள் அக்குழந்தைகளிடம் போதிய அளவு இருப்பதில்லை. 1980-இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா அப்பொருளை மூச்சுக்குழல் வழியே செலுத்திப் பயன் கண்டார். அன்று அதிபரின் குழந்தைக்குக் கிட்டாத மருந்து இன்று நம் ஊர்களிலும் கிடைக்கிறது.

நாற்பத்தேழு நாட்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கு இருபத்தொன்பதாவது வாரத்திலேயே பிரசவமாயிற்று. பெண் குழந்தை, 1,120 கிராம். பெற்றோருக்கு மட்டுமே உள்ளே அனுமதி. பாட்டி தாத்தாக்கள் நால்வரும் வெளியே நாற்காலிகளில் அமர்ந்திருந்தோம். பெயர் சூட்டாத குழந்தையாதலால் கையில் கட்டிய சீட்டில் தாயின் பெயரை எழுதி, "இன்னாரின் குழந்தை" என்றே குறித்திருந்தார்கள்.

மாப்பிள்ளை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எடை, பாலின் அளவு என மூன்று பத்தி கோடிட்டு நாள்தோறும் எழுதிவந்தார். வங்கியில் ஆயுளைக் கழித்த எனக்கு அது பேரேடு போலவே தோன்றிற்று. ஆனால் அதன் கணக்கு முறையே வேறு. ஐந்தாம் நாள் எடை 1,030 கிராமாகக் குறைந்தது. உடலின் நீர்ச்சத்து குறைவதால் முதல் வாரத்தில் இவ்வாறு இறங்குவது இயல்பு என்றார் மருத்துவர். பிறந்த எடையை மீண்டும் எட்டப் பதின்மூன்று நாட்களாயின. பால் முதலில் ஒரு மில்லி, குழாய் வழியே. உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடும் மூன்று செயல்களும் ஒத்திசைந்து வர ஏறத்தாழ முப்பத்துநான்கு வாரம் ஆக வேண்டும், அதுவரை குழாய்தான். மஞ்சள் காமாலைக்காக நீல ஒளியின் கீழ் இரண்டு நாட்கள். அவ்வப்போது குழந்தை மூச்சு விட மறக்கும், மானிட்டர் ஒலிக்கும், செவிலி வந்து உள்ளங்காலை மெல்லத் தேய்ப்பார், மூச்சு திரும்பும்.

பத்தொன்பதாம் நாள் தொற்று இருக்கலாம் என்ற ஐயத்தால் பாலை நிறுத்தி மருந்து ஏற்றினார்கள். அந்த இரண்டு நாட்களும் நோட்டுப் புத்தகத்தில் தேதி மட்டுமே இருந்தது. என் மகள் எவரிடமும் பேசவில்லை. அப்போது சம்பந்தி அம்மாள் அவளருகே சென்று, "பெயர் சூட்டற சடங்கு நல்லபடியா அப்புறம் பண்ணிக்கலாம்மா. உன் மனசுல இருக்கிற பேரைச் சொல்லி நீ இப்பவே கூப்பிடு. அவளுக்கு உன் குரல் தெரியும்" என்றார். மகள் கை கழுவி உள்ளே போனாள். அன்றிலிருந்து எங்கள் பேத்திக்குப் பெயர் இருந்தது.

மார்பே மற்றொரு கும்பம்

தொற்று நீங்கிய பின், இருபத்துநான்காம் நாள், குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாக வைத்துக் கட்டினார்கள். இதனைக் கங்காரு பராமரிப்பு என்கின்றனர். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில், பெட்டிகள் போதாமல் ஒன்றில் பல குழந்தைகளை வைக்க நேர்ந்தபோது, டாக்டர் ரே சனாப்ரியா தொடங்கிய முறை இது. வறுமைக்குக் கண்ட மாற்று என்றே பலரும் கருதியிருந்தனர். ஆனால் 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கும் சேர்ந்து நடத்தியது, பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் பங்கேற்றது. மறு ஆண்டே உலகச் சுகாதார நிறுவனம் இதனைப் பரிந்துரைத்தது.

தாய் மட்டுமன்றித் தந்தையும், மருத்துவர் அனுமதித்தால் பாட்டியும் இவ்வாறு ஏந்தலாம். எங்கள் மாப்பிள்ளை சட்டையின் பொத்தான்களைக் கழற்றி, அசையாமல் இரண்டு மணி நேரம் சாய்ந்திருந்ததைக் கண்ணாடி வழியே கண்டேன். அன்று அவர் நோட்டுப் புத்தகத்தில் எடையை எழுத மறந்துவிட்டார்.

தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமானால் தாய்ப்பால் வங்கி உண்டு. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியால் தோன்றியது. தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளில் 2014 முதல் இவை தொடங்கப்பட்டன. தாய்மார் தானமாக அளிக்கும் பாலைப் பரிசோதித்து, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறைய வைத்துக் காக்கிறார்கள். வட்டியும் இல்லை, பிணையமும் இல்லை. காமதேனு இன்று இவ்வடிவில் வருகிறாள் என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

பெரியவர்கள் செய்யத்தக்கவை

முதலாவது, தினமும் "எடை எவ்வளவு ஏறியது?" என்று பெற்றவளைக் கேளாதிருத்தல். நமக்கு அது அன்பு. அவளுக்கோ அன்றாடத் தேர்வு. எங்கள் இல்லத்தில் என் மனைவி உறவினர் அழைப்புகள் அனைத்தையும் தாமே ஏற்று, "குழந்தை நன்றாகப் போராடுகிறாள்; வேண்டிக்கொள்ளுங்கள்" என்ற ஒரே விடையைச் சொல்லிவந்தார். மகளின் கைபேசி ஓய்ந்திருந்தது. அது பெரிய உதவி.

இரண்டாவது, காரணம் தேடாதிருத்தல். மாடிப்படி ஏறினாள், கிரகணத்தில் வெளியே வந்தாள், வேலைக்குப் போனாள் என்ற பேச்சுகள் வேண்டா. குறைப்பிரசவங்கள் பலவற்றிற்கு மருத்துவர்களாலேயே காரணம் கூற இயல்வதில்லை. வேதிகை மீது குற்றம் காணாமல் அம்பிகை கும்பத்தை ஏந்தினாள் என்பதை நினைவிற்கொள்வோம்.

மூன்றாவது, சேனை வைத்தல், தேன் நாக்கில் தடவுதல், சர்க்கரை நீர், உரைமருந்து ஆகியவற்றை அறவே தவிர்த்தல். இந்தச் சிறு வயிறும் குடலும் தாய்ப்பாலையே மில்லி மில்லியாகப் பழகுகின்றன. அதிலும் சீம்பால் முதல் மருந்து.

நான்காவது, கண் பரிசோதனை. முப்பத்துநான்கு வாரத்திற்கு முன் அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு, முப்பது நாட்களுக்குள் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக. நாற்பது நாள் வாசல் தாண்டலாகாது என்னும் வழக்கத்தை இதற்காகத் தளர்த்தியே ஆக வேண்டும். நாள் கடந்தால் பார்வையே பறிபோகலாம்.

ஐந்தாவது, பணம். நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்க 2011 முதல் மத்திய அரசின் திட்டம் உள்ளது. தனியார் மருத்துவமனையாயின் செலவு பிள்ளைகளை நிலைகுலைய வைக்கும். இயன்றவர்கள் கேட்குமுன் கொடுங்கள். வைப்புத்தொகையை அவசரத்தில் முறிப்பதற்கு முன், அதன் மேல் கடன் பெறுவது சாதகமா என்று வங்கியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாவது, வீடு வந்தபின் ஒப்பிடாதிருத்தல். பதினொரு வாரம் முன்னே வந்த குழந்தையின் ஆறாம் மாதத் திறனை, உரிய காலத்தில் பிறந்த மூன்றரை மாதக் குழந்தையின் திறனோடுதான் நோக்க வேண்டும். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதியின்படியே.

எங்கள் பேத்தி நாற்பத்தேழாம் நாள் 1,790 கிராமுடன் வீடு வந்தாள். அதே வரிசையில் எங்களோடு அமர்ந்திருந்த ஒரு குடும்பத்தின் குழந்தை வரவில்லை. அந்தப் பாட்டியும் எங்களைப் போலவே வேண்டினார். அவர் பக்தியில் குறையேதும் இல்லை. பிழைத்ததைப் புண்ணியத்தின் பலன் என்றும், பிழையாததைப் பாவத்தின் பலன் என்றும் கணக்கெழுதும் உரிமை நமக்கு இல்லை. குழந்தையை இழந்த தாயிடமும் "உன் குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருந்தாய்?" என்று கேட்கும் ஒரு பெரியவர் இருந்தால், அவள் துயரத்திற்கு ஒரு துணை கிடைக்கும்.

அடுத்த முறை கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நிற்கும்போது, நம் வீட்டுப் பெண்களுக்காக வேண்டுவதோடு, இவ்வேளையில் எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டியருகே விழித்திருக்கும் முகமறியாத தாய்க்காகவும் தந்தைக்காகவும், இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்காகவும் ஒரு நிமிடம் கைகூப்புவோம். அம்பிகை அவர்கள் அனைவருக்கும் துணை நிற்பாளாக.