காபி கிடையாது

ஹோட்டல் அறை ஒன்றில் ஒரு புது விளம்பரக் கம்பெனி அவசரமாக முளைத்துக்கொண்டிருக்கிறது. பழைய அலுவலகத்திலிருந்து அள்ளிவந்த சாமான்களுக்கு நடுவே ஆளுக்கொரு வேலை. பங்குதாரர் ரோஜர் ஸ்டெர்லிங், பழக்கதோஷத்தில் பெக்கி ஓல்சனிடம் காபி கொண்டுவரச் சொல்கிறார். ‘முடியாது’ என்கிறாள் பெக்கி. அவ்வளவுதான். வசனமும் இல்லை, கண்ணீரும் இல்லை.

ஏஎம்சி சேனலில் 2007-இல் தொடங்கி 2015-இல் முடிந்த ‘மேட் மென்’ தொடரில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இது. மேத்யூ வெய்னர் உருவாக்கிய தொடர். ஏழு சீசன்கள், 92 எபிசோடுகள். 1960-களின் நியூயார்க் விளம்பர உலகில், கிரியேட்டிவ் டைரக்டர் டான் டிரேப்பரின் செக்ரட்டரியாக வந்து சேரும் புரூக்ளின் பெண்தான் பெக்கி. லிப்ஸ்டிக் விளம்பரத்துக்கு அவள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை, அவளை எழுத்தாளராக்கி விடுகிறது.

அந்த ‘முடியாது’ சும்மா வந்துவிடவில்லை. சம ஊதியச் சட்டம் வந்த 1963-இல், அதைச் சொல்லியே டானிடம் சம்பள உயர்வு கேட்டுப் பார்த்தவள் அவள். இது அதற்கான நேரமில்லை என்று தட்டிக்கழித்துவிட்டான். பிறகு புதுக் கம்பெனிக்கு வா என்று உத்தரவு போடுகிற தொனியில் கூப்பிடுகிறான். கூப்பிட்டால் பின்னாலேயே வந்துவிடுவேன் என்ற நினைப்பா என்று மறுத்துவிடுகிறாள். கடைசியில் டான் அவள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டியதாகிறது. காபியை மறுக்கும் துணிவு அங்கிருந்து வந்தது என்பது என் கணிப்பு. தன்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தவளின் குரல் அது.

ரசிகர்கள் அதிகம் கொண்டாடுவது வேறொரு காட்சியை. கடைசி சீசனில், கறுப்புக் கண்ணாடி, வாயில் சிகரெட், கையில் ஹொகுசாயின் ஆக்டோபஸ் ஓவியம் என்று மெக்கான் என்ற விளம்பர நிறுவனத்தின் அலுவலக வராந்தாவில் பெக்கி நடந்து வருவாளே, அது. அழகான நடைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவள் யாரையும் இன்னும் எதிர்கொள்ளவில்லை. புது அலுவலகத்தில் முதல் நாள்.

எதிர்த்து நின்றால் கைதட்டல் நிச்சயம் என்று இந்தத் தொடர் பொய் சொல்வதில்லை. நாலாவது சீசனில் ஜோயி என்கிற இளைஞன், அலுவலக நிர்வாகி ஜோனை ஆபாசமாக வரைந்து கண்ணாடியில் ஒட்டிவைக்கிறான். பெக்கி டானிடம் முறையிட, நீயே அவனை வேலையைவிட்டுத் தூக்கு என்கிறான். தூக்கிவிடுகிறாள். அதே மிதப்பில் லிப்டில் ஜோனைச் சந்தித்தால், நன்றிக்குப் பதில் வசவு. ஒரு விருந்தில் நாலு வார்த்தை பேசி நானே அவனை ஓட்டியிருப்பேன். இப்போது உனக்குச் சிடுமூஞ்சி என்றும் எனக்கு வெறும் செக்ரட்டரி என்றும் பெயர் வாங்கித் தந்துவிட்டாய் என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். நியாயம் யார் பக்கம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இருவர் பக்கமும் இருக்கிறது என்பதுதான் கஷ்டம்.

அந்த ஜோனுக்கே நேரம் வருகிறது, 1970-இல். அவள் பங்குதாரராக இருந்த நிறுவனத்தை மெக்கான் விழுங்கிவிட்டது. புது இடத்தில் ஒருவன் அவள் பேச்சை மதிப்பதில்லை, இன்னொருவன் கண்ணியமாக நடப்பதில்லை. தலைவர் ஜிம் ஹோபார்ட்டிடம் போய், எனக்குச் சேரவேண்டிய ஐந்து லட்சம் டாலரைக் கொடுங்கள், போய்விடுகிறேன் என்கிறாள். பாதிதான் தருவேன் என்கிறார் அவர். உடனே சம வேலைவாய்ப்பு ஆணையம், பெண்ணுரிமைத் தலைவி பெட்டி ஃப்ரீடன், ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்திரிகை அலுவலகத்துக்குள் பெண்கள் உட்கார்ந்து நடத்திய போராட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வீசுகிறாள். அந்தப் போராட்டம் நிஜத்தில் அதே 1970 மார்ச்சில் நடந்ததுதான். ஹோபார்ட் அசையவில்லை. வக்கீலோடு வா என்கிறார்.

வேறு தொடராக இருந்தால் அடுத்த காட்சி நீதிமன்றம். இங்கே வருவது ரோஜர். வழக்குப் போட்டால் ஒன்றும் மிஞ்சாது, கிடைப்பதை வாங்கிக்கொள் என்கிறார். ஜோன் மகனின் படத்தையும் முகவரி அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். பாதிப் பணம்தான். அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, ஆனாலும் பாதிதான்.

எடுத்துப்போன முகவரி அட்டைகள் வீண்போகவில்லை. கடைசி எபிசோடில் தன் வீட்டிலேயே படத் தயாரிப்பு கம்பெனி தொடங்குகிறாள். கூட்டுச் சேரக் கேட்டும் பெக்கி வரவில்லை. கம்பெனி என்றால் இரண்டு பெயர் இருந்தால்தானே எடுப்பாக இருக்கும்? பிறந்த வீட்டுப் பெயரையும் கணவன் வழி வந்த பெயரையும் சேர்த்து ‘ஹாலோவே ஹாரிஸ்’ என்று வைத்துக்கொள்கிறாள். இரண்டு பங்குதாரரும் அவளேதான்.