பள்ளிப் பிள்ளைகளும் பறக்கும் கலையும்

வயலுக்கு மருந்து தெளிக்கும் டிரோன் என்ற ஆளில்லா விமானம் இன்று நம் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. வரப்பில் நின்று அதை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளையும் நாம் காண்கிறோம். ஆனால் பல ஊர்களில் அதை இயக்குபவர் வெளியூரார். பழுது பார்ப்பவரும் வெளியூராரே. நம் பிள்ளைகள் என்றும் வேடிக்கை பார்ப்பவர்களாகவே நின்றுவிட வேண்டுமா?

2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், அதை இயக்கும் சான்றிதழ் பெற 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் உரிய பயிற்சியும் வேண்டும் என்று வகுத்தன. இன்று ஏழாம் வகுப்பில் பயிலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதற்கு ஆறே ஆண்டுகள் உள்ளன. ஆனால், “கணக்கும் அறிவியலும் நமக்கு எட்டாதவை” என்ற எண்ணம் வேரூன்றுவதும் பெரும்பாலும் இந்த நடுநிலைப்பள்ளிப் பருவத்தில்தான். அது வேரூன்றுமுன் நாம் செய்யக்கூடிய எளிய பணி ஒன்றை இங்கு விளக்குவோம்.

கடற்கரையில் நடந்த பாடம்

டாக்டர் அப்துல் கலாம் இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, பறவை எவ்வாறு பறக்கிறது என்பதை ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். மாணவர்களுக்கு விளங்கவில்லை. ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. மாலையில் அனைவரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவைகளையே காட்டிப் பாடம் நடத்தினார். பறத்தலைப் பற்றி மேலும் கற்க எந்தப் படிப்பைப் படிக்க வேண்டும் என்று பின்னர் கேட்ட சிறுவனுக்கு, எட்டாம் வகுப்பு, உயர்நிலைப்பள்ளி, பொறியியல் கல்லூரி எனப் படிப்படியாக வழியும் கூறினார். அச்சிறுவன் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்றதையும், 2002இல் குடியரசுத் தலைவரானதையும் நாடறியும். கண்ணால் காணும் அனுபவமும், வழிகாட்டும் ஒரு பெரியவரும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இது சான்று.

அட்டை விமானமும் களிமண் உருண்டையும்

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மெல்லிய அட்டையில் இறக்கையும் வாலும் வெட்டி, மூங்கில் சிம்பு ஒன்றில் பொருத்தி, மூக்கில் சிறு களிமண் உருண்டை வைத்தால் மிதவை விமானம் ஆயத்தமாகிவிடும். இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தூக்குகிறது. களிமண் குறைந்தால் விமானம் மூக்கை உயர்த்தித் தயங்கிக் கீழே விழும். மிகுந்தால் தலைகுப்புறப் பாயும். இறக்கை நுனிகளைச் சற்றே மேல்நோக்கி மடக்கினால் பக்கம் சாயாமல் செல்லும்.

இனிக் கணக்குப் பாடம் தொடங்குகிறது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்ட விமானம் எட்டு மீட்டர் சென்று தரையிறங்கினால், ஒரு மீட்டர் இறங்குவதற்குள் நான்கு மீட்டர் முன்னேறியது என்று பொருள். மும்முறை விட்டுச் சராசரி காண வேண்டும். பின்னர் ஏதேனும் ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் அளக்க வேண்டும். ஒரே வயலில் விதையையும் உரத்தையும் ஒருங்கே மாற்றினால், விளைச்சல் எதனால் கூடியது என்று அறிய இயலாது அன்றோ? உழவர் அறிந்த இவ்வுண்மையே ஆராய்ச்சியின் அடிப்படை.

வழிகாட்டி யார்?

விமானப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பொறியியல் கல்லூரி மாணவர், ஐ.டி.ஐ. பயின்ற மெக்கானிக் ஆகியோரில் ஒருவரேனும் ஊரிலோ அண்டையிலோ இருப்பார். ஆசிரியர் உடனிருக்க, வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், எட்டு அல்லது பத்து வாரங்கள் அவர் தவறாது வருதல் வேண்டும். ஒரு நாள் வந்து சொற்பொழிவாற்றிச் செல்வதால் பயன் சிறிதே. விமானத்தை அவரே செய்து கொடுத்தலும் ஆகாது. “ஏன் விழுந்தது? எதை மாற்றலாம்?” என்று கேட்டுப் பொறுத்திருப்பதே அவர் பணி. தானே கண்டறிந்து திருத்திய பிள்ளைக்கு, தன்னாலும் இயலும் என்ற துணிவு பிறக்கிறது.

ஊராட்சியின் கடமை

தமிழ்நாடு அரசு 2022 நவம்பர் 28இல் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அறிவியலையும் கணக்கையும் செய்முறையாகக் கற்பிக்க எழுந்ததாகும். அந்நோக்கத்திற்கு ஊராட்சியும் துணை நிற்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. அங்கு இதனை எடுத்துரைத்து, தலைமையாசிரியரின் இசைவுடன் வழிகாட்டியைத் தேடித் தருதல் முதற்கடமை. மின்கம்பி, கிணறு, சாலை ஆகியவற்றிற்கு அப்பால் திறந்த இடம் ஒன்றை ஒதுக்குதல் இரண்டாவது. பெண் பிள்ளைகள் பார்வையாளராக ஒதுங்கிவிடாமல், தம் கையாலேயே செய்து பறக்கவிடுமாறு பார்த்துக்கொள்ளுதல் மூன்றாவது.

அக்டோபர் 2 கிராம சபை நாளன்று பிள்ளைகள் தம் விமானங்களைப் பறக்கவிட்டு, தம் அளவுக் குறிப்புகளை ஊரார்முன் படித்துக் காட்டட்டும். அவர்கள் அனைவரும் விமானிகளாக வேண்டுவதில்லை. ஒரு சிலரேனும் நாளை நம் வயல்மீது டிரோனை இயக்கவும், பழுது நீக்கவும் வல்லவராவர். ஏனையோர் எத்தொழில் புரியினும் எண்ணிப் பார்த்துச் செய்யும் பழக்கம் பெறுவர். சாலையும் குடிநீரும் போன்றே இதுவும் கிராம முன்னேற்றப் பணியே எனக் கொண்டு, ஊராட்சி உறுப்பினர்கள் முன்வருவார்களாக.