பூட்டும் திறவுகோலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், ஆரியங்காவுக் கணவாய்க்குக் கிழக்கே அமைந்த ஊர் செங்கோட்டை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை அது திருவிதாங்கூர்ப் பகுதியின் எல்லையூராக விளங்கிற்று. கோட்டை என்பது அதன் பெயரிலேயே உள்ளது. கோட்டையின் மதில் எத்துணை உயர்ந்திருப்பினும், வாயிலின் திறவுகோல் வெளியே தொங்குமாயின் பயன் யாது? இக்காலத்து வீடுகள் பலவற்றின் நிலை இதுவே.

கண்காணிப்புக் காமிரா, தொலைக்காட்சி, மோடம் ஆகியவை இன்று இணையத்தோடு பிணைக்கப்பட்டுள்ளன. அவை ஒவ்வொன்றும் ஒரு சிறு கணினியே ஆகும். தொழிற்சாலையினின்று வெளிவருங்கால், ஒரே வகைக் கருவிகள் பலவற்றிற்கு ஒரே கடவுச்சொல்லை இட்டு அனுப்பும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அச்சொல் குறிப்பேட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பலரறிந்த சொல் காவலாகுமோ?

2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீய நிரல் பரவிற்று. அஃது இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ஏறத்தாழ 60 பெயர், கடவுச்சொல் இணைகளை இட்டுப் பார்த்தது. திறந்த கருவிகள் யாவும் அதன் ஏவலாளாயின. காமிரா வழக்கம்போல் இயங்கியமையால் உரியவர் ஐயுறவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அக்கருவிகள் அமெரிக்காவின் 'டின்' நிறுவனத்தை ஒருங்கே தாக்கின. இணையதளப் பெயர்களுக்குரிய முகவரிகளைக் காட்டும் பணியைச் செய்துவந்தது அந்நிறுவனம். அது தடுமாறவே, ட்விட்டர் முதலிய பெருந்தளங்களைப் பலர் சில மணி நேரம் அணுக இயலவில்லை.

நம் நாடும் இத்துன்பத்திற்குத் தப்பவில்லை. 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாரத் சஞ்சார் நிகாம் நிறுவன வாடிக்கையாளரின் மோடம்கள் ஏறத்தாழ 60,000 செயலிழந்தன. தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றாத மோடம்களே தாக்குண்டன. கடவுச்சொல்லை மாற்றுமாறு நிறுவனம் மக்களை வேண்டிக்கொண்டது.

மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்திலேயே தங்கும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கினால் அழியும். ஆயினும் பழைய கடவுச்சொல் நீடிக்குமாயின் சிறிது நேரத்தில் மீண்டும் புகும். ஆதலின் புதிய கருவியை நிறுவியவுடன் கடவுச்சொல்லை மாற்றுதல் முதற்கடன். உற்பத்தியாளர் அளிக்கும் திருத்தங்களை ஏற்றலும், தேவையற்ற தொலை இணைப்பை அடைத்தலும் அடுத்த கடன்கள். எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொற்களோடு கருவிகளை விற்றலைப் பிரிட்டன் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது.

திறந்து கிடக்கும் வீட்டிற் புகும் திருடன் அவ்வீட்டுப் பொருளையே கவர்வான். காவலற்ற கருவியோ, நாம் அறியாமலே பிறர்க்குத் தீங்கிழைக்கும் படைக்கலமாகும். நம் வீட்டுப் பூட்டைப் பேணுதல் நமக்கு மட்டுமன்றி உலகிற்கும் நாம் செய்யும் கடமை என்று உணர்வோமாக.