கங்கும் மூடிய கதவும்

டீயை ஆற்றிக்கொண்டே பேசுவோம். மலையூரில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள், காலையில் எழவில்லை என்று அவ்வப்போது செய்தி படிக்கிறோம். கேஸ் நாற்றம் வந்திருக்குமே, எழுந்து வெளியே ஓடியிருக்கலாமே என்று உடனே தோன்றும்.

நாம் எல்லோரும் தவறுவது இங்கேதான். சமையல் கேஸ் நாறுவது, கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டனை அதில் கலந்திருப்பதால். கரி, போதிய காற்றின்றி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகை அடங்கிச் செக்கச்செவேலென்று கனியும் கங்கிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். "புகை நின்னுடுச்சு, உள்ளே வைக்கலாம்" என்கிறோமே, அந்த நேரம்தான் எனக்குப் பயம். தலைவலியும் குமட்டலுமாக விழித்துக்கொள்பவருக்கும் கால் தளர்ந்துவிடும். நாலு எட்டில் இருக்கும் கதவு எட்டாது.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை டவுன் பஸ் என்று வைத்துக்கொள்வோம். கார்பன் மோனாக்சைடு துண்டு போட்டு இடம்பிடிக்கும் பயணி. அதன் பிடி ஆக்சிஜனுடையதைவிட 200 மடங்குக்கும் மேல். பஸ் ஓடும், ஆக்சிஜனுக்கு மட்டும் இடமிருக்காது.

இறந்தபின் ரத்தம் உடலின் அடிப்பக்கம் தேங்கித் தோலில் கறையாகத் தெரியும். வழக்கமாக அது நீலம் கலந்த ஊதா. இந்தச் சாவுகளில் செர்ரிப் பழச் சிவப்பு. நம் கறுத்த தோலில் அது எளிதில் பிடிபடாது. அதனால் போஸ்ட்மார்ட்டம் செய்யும் டாக்டர் உதட்டின் உட்புறம், நகக்கண், உள்ளங்கை என்று தேடிப் பார்ப்பார். நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. சயனைடு தின்றவர் உடலும் ஐஸ் பெட்டியில் வைத்த உடலும்கூடச் சிவந்திருக்கலாம்.

ஆகவே ரத்தம் ஆய்வகத்துக்குப் போகும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் ஹோப்பே-சைலர் காட்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. ரத்தத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டால் சாதாரண ரத்தம் பச்சை கலந்த பழுப்பாகும். இந்த ரத்தம் சிவப்பாகவே நிற்கும். இன்றைய கருவிகள் பஸ்ஸில் எத்தனை சதவீத இடம் பறிபோனது என்றே சொல்லிவிடும். 50ஐத் தாண்டினால் பெரும்பாலும் உயிர் தங்காது. இதய நோயாளிக்கு அதைவிடக் குறைவே போதும்.

தீப்பிடித்த வீட்டில் கிடைத்த உடலிலும் இதே கணக்குதான் பார்க்கிறார்கள். மூச்சுக்குழாயில் கரி படிந்து ரத்தத்திலும் இந்த வாயு இருந்தால், தீப்பிடித்தபோது அவர் உயிரோடு மூச்சு விட்டிருக்கிறார். கொன்றுவிட்டுத் தீ வைத்திருந்தால் அந்த ரத்தத்தில் இது ஏறியிருக்காது.

கரி அடுப்பு அறைக்குள் முதலில் நுழைகிறவர்கள் ஜன்னல்களைத் திறந்துவிடுவார்கள், அதுவே சரி. அறையிலிருந்த வாயு கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். மூச்சு நின்ற உடலில் பிடித்த இடத்தை மட்டும் அது விடாது. நாட்கள் கழித்து எடுத்த ரத்தத்திலும் அந்தத் துண்டு போட்ட இடத்திலேயே கிடக்கும்.