மார்கழிப் பனியும் வடநாட்டு மூடுபனியும்

திருநெல்வேலிக்காரனுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்? மார்கழி விடியலில் தலைக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் அதன் அதிகாரம் அத்தோடு தீர்ந்தது. அந்த நினைப்பில்தான் சென்ற ஜனவரியில் நண்பர்கள் ஐவர் அதிகாலை நான்கு மணிக்கு வாடகைக் காரில் தில்லியிலிருந்து ஆக்ராவுக்குப் புறப்பட்டோம். 2012-இல் திறக்கப்பட்ட யமுனா விரைவுச்சாலை 165 கிலோமீட்டர் நீளம். சூரியோதயத்தில் தாஜ்மகாலைப் பார்த்துவிடலாம் என்பது எங்கள் திட்டம்.

காரோட்டி வயதான சர்தார்ஜி. முதல் சுங்கச்சாவடியிலேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டார். வெயில் ஏறட்டும், காத்திருப்பதற்குத் தனி வாடகை வேண்டாம் என்றார். நாங்கள் முணுமுணுத்தோம். ஒன்பதரை மணிக்குப் புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதும், சாலையில் நின்ற லாரியின் பின்புறத்தில் முன்பாதி நசுங்கிய கார் ஒன்றைக் கண்டோம். அதன்பின் வண்டியில் பேச்சில்லை.

பௌதிக மாணவனாகிய நான் புறப்படுமுன் போட்டிருக்க வேண்டிய கணக்கை அன்றிரவு விடுதியில் போட்டேன். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். ஆபத்தைக் கண்டு, கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை விநாடி ஆகும் என்று கொள்வோம்; அதற்குள் 42 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடித்தபின் உலர்ந்த சாலையில் சுமார் 55 மீட்டர். பனியில் நனைந்த சாலையிலோ 95 மீட்டர்கூட ஆகலாம். ஆக, நிற்பதற்கு 137 மீட்டர் தேவை. கண்ணுக்குத் தெரிவதோ 30 மீட்டர்! அந்த 30 மீட்டருக்குள் நிற்க வேண்டுமானால் வேகம் மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் அந்தத் தூரம் கால் பங்காகிவிடும்.

பிறர் தவறு செய்யக்கூடும் என்று முன்னரே எண்ணி, அதற்கு இடம்விட்டு ஓட்டுவதைத் தற்காப்பு ஓட்டுதல் என்கிறார்கள். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்தபின் நாம் அதை அடைய நல்ல வானிலையில் மூன்று விநாடியேனும் ஆகவேண்டும். பனியில் அதை இரட்டிக்க வேண்டும். பலர் இதற்கு நேர்மாறாக, முன்வண்டியின் சிவப்பு விளக்கை வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒட்டியே செல்கிறார்கள். அவர் மோதினால் இவரும் மோதுவார். விளக்கைத் துரத்துவதைவிடச் சாலையின் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து மெல்லச் செல்வது மேல்.

முகவிளக்கில் மஞ்சள் காகிதம் ஒட்டினால் ஒளி பனியைத் துளைக்கும் என்று இங்கே ஒரு நம்பிக்கை. பனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆகவே எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. பனி வெண்மையாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். காகிதத்தால் வெளிச்சம் குறைவதுதான் மிச்சம். விளக்கை மேல்நோக்கி வைத்தால் ஒளி திரும்பி நம் கண்ணிலேயே விழும். தாழ்த்தி வைப்பதே முறை.

வண்டி பழுதுபட்டால் சாலையைவிட்டு முற்றிலும் விலக்கி நிறுத்த வேண்டும். இயலாவிடில், உள்ளிருப்போர் இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய்விட வேண்டும். ஓடும்போதே நான்கு ஓர விளக்குகளையும் மினுக்குவது தவறு. பின்னால் வருபவருக்கு நாம் நிற்கிறோமா, போகிறோமா என்பதே விளங்காது.

நம் சங்கத்தின் பொங்கல் சுற்றுலா அறிவிப்பில் பேருந்து புறப்படும் நேரம் அதிகாலை நான்கு மணி என்றிருக்கிறது. நாற்பது பேர் ஏறும் வண்டி. நேரத்தை ஒன்பது என்று திருத்துமாறு செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். மதுராவில் பகலுணவு தாமதமாகும். தாஜ்மகாலை மாலை வெயிலில் பார்த்துக்கொள்ளலாம். பதில் இன்னும் வரவில்லை.