ஆக்டேன் எண்ணும் ஒரு பிக்கப் வண்டியும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். பௌதிகமும் இரசாயனமும் கற்பித்து, பின்னர்த் தலைமையாசிரியனாகி, ஓய்வும் பெற்றேன். அந்நாட்களில் என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்ட குறிப்புகளுள் ஒன்று இது: “ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் தரத்தைக் குறிக்கும் எண்.” ஒரு மதிப்பெண் வினாவிற்கு ஏற்ற விடை. இதனை எழுதிய எந்த மாணவனுக்கும் நான் மதிப்பெண் குறைத்ததில்லை. ஆயினும் இவ்வாக்கியத்தில் ஒரு குறை இருந்தது. அதனை நான் உணர்ந்தது ஓய்வு பெற்ற பின்னர், கடல் கடந்து, ஒரு மலைச்சாலையில்.

2023-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகராகிய டென்வரில், என் தங்கை மகன் இல்லத்தில் தங்கியிருந்தேன். அவன் பள்ளியில் என் மாணவனும் ஆவான். பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு அவன் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருந்தான். முன்புறம் ஆட்கள் அமரவும் பின்புறம் சுமை ஏற்றவும் அமைந்த வண்டி அது, பெட்ரோலில் ஓடுவது. அதன் எஞ்சினில் டர்போ என்னும் காற்றழுத்தும் கருவி உண்டு. எஞ்சினை ஆளும் சிறு கணினியின் கட்டளைகளை மாற்றி, வண்டியின் வலிமையை அவன் கூட்டியிருந்தான். இதனை ‘டியூனிங்’ என்பர்.

ஒரு சனிக்கிழமை, அவனும் அவன் மனைவியும் குழந்தையும் நானும் அவ்வண்டியில் மேற்கே புறப்பட்டோம். பின்னால் ஒரு டிரெய்லர். அதில் மலையில் தங்குவதற்கு வேண்டிய பொருள்கள். 70-ஆம் எண் நெடுஞ்சாலை அங்கே 11,000 அடிக்கு மேல் உயர்ந்து ஐசன்ஹோவர் சுரங்கவழியை அடைகிறது. அந்த ஏற்றத்தில், தகரக் குவளையில் கூழாங்கற்களைக் குலுக்கினாற் போன்ற ஒலி எஞ்சினிலிருந்து எழுந்தது. “என்ன ஒலியப்பா இது?” என்றேன். “ஏற்றத்தில் அப்படித்தான் இருக்கும், மாமா” என்றான். நானும் வாளாவிருந்துவிட்டேன். சிறிது தொலைவில் வண்டி வலிமை இழந்து, நீலப் புகை கக்கி, சாலையோரத்தில் நின்றது. பெரிய லாரிகள் எங்களை உராய்வன போல விரைந்தன. குழந்தை அழுதது. பின்னர்ப் பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு பிஸ்டனில் வளையம் பொருந்தும் விளிம்பு உடைந்து கிடந்தது.

அன்றிரவு, “என்ன பெட்ரோல் போட்டாய்?” என்று கேட்டேன். “85 தான், மாமா. இங்கே பலரும் அதைத்தான் போடுகிறார்கள். சொகுசுக் காருக்குத்தான் உயர்ந்த சரக்கு வேண்டும். இது சுமை இழுக்கிற வண்டி. அந்த எண் தரத்தைக் குறிக்கும் என்று நீங்கள்தானே எழுதிப் போட்டீர்கள்?” என்றான்.

என்னால் விடை கூற இயலவில்லை. அன்று நான் கூறியிருக்க வேண்டியதை இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நீங்கள் அறிவீர்கள். வாயுவை விரைந்து அழுத்தினால் அது சூடேறும். எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்டன் இவ்வாறே அழுத்துகிறது. உரிய நேரத்தில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியை எழுப்புகிறது. அப்பொறியிலிருந்து தீ ஒரு முனையில் தொடங்கி, மறுமுனை நோக்கிச் சீராகப் பரவவேண்டும். அவ்வாறு பரவும்போது, இன்னும் எரியாது எஞ்சியிருக்கும் கலவை மேலும் நெருக்குண்டு மேலும் சூடேறுகிறது. தீ தன்னை வந்தடையும் வரை அது பொறுத்திருந்தால் நன்று. பொறாது, தானே ஒருசேரப் பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் எழுந்து சிலிண்டரின் சுவர்களில் மோதுகின்றன. பட்டறைகளில் ‘நாக்கிங்’ என்று கூறப்படுவது இதுவே. நாங்கள் கேட்ட கூழாங்கல் ஒலியும் இதுவே. பிஸ்டனின் மேற்பரப்பை வெப்பத்தினின்று காக்கும் மெல்லிய வாயுப்படலத்தை இவ்வலைகள் கலைத்துவிடுகின்றன. அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து தாக்க, அலுமினியப் பிஸ்டன் எவ்வளவு நேரம் தாங்கும்?

எரிபொருளின் இந்தப் பொறுமையை அளப்பதே ஆக்டேன் எண். 1926-ஆம் ஆண்டில் கிரஹாம் எட்கர் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் இதற்கோர் அளவுகோல் வகுத்தார். எளிதில் தானே பற்றாத ஐசோ ஆக்டேனுக்கு 100. மிக எளிதில் பற்றிக்கொள்ளும் நார்மல் ஹெப்டேனுக்கு 0. அந்த ஹெப்டேன் அக்காலத்தில் ஜெஃப்ரி பைன் என்னும் மரத்தின் பிசினிலிருந்து வடித்தெடுக்கப்பட்டது என்பது ஒரு சுவையான செய்தி. ஒரு பெட்ரோலின் எண் 90 என்றால், 90 பங்கு ஐசோ ஆக்டேனும் 10 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்நிலையில் தட்டுமோ அந்நிலையில் அதுவும் தட்டும் என்பது பொருள். அதில் ஐசோ ஆக்டேன் அவ்வளவு இருக்கிறது என்பது பொருளன்று; அதில் ஆற்றல் மிகுதி என்பதும் பொருளன்று. 87 போதும் என்று வகுக்கப்பட்ட எஞ்சினில் 91 ஊற்றினால், பெரும்பாலும் பணச்செலவே மிச்சம்.

இந்த எண்ணை அளக்க இரு முறைகள் உள்ளன. ஆராய்ச்சி முறை என்பது ஒன்று. எஞ்சினை மேலும் விரைவாகவும் வெப்பமாகவும் ஓட்டிச் சோதிக்கும் மோட்டார் முறை மற்றொன்று. இந்தியாவில் வழங்குவது ஆராய்ச்சி முறை எண். அமெரிக்காவில் இரண்டின் சராசரியை எழுதுகின்றனர். ஆதலின் டென்வரில் 91 என எழுதப்பட்ட பெட்ரோல், நம் நாட்டுக் கணக்கில் ஏறக்குறைய 95 அல்லது 96 ஆகும். இரு நாட்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது.

இனி, டென்வரில் 85 விற்பது ஏன்? அந்நகரம் கடல் மட்டத்திற்கு 5,280 அடி மேலே உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கே. டர்போ இல்லாத பழைய எஞ்சின் அங்கே குறைந்த காற்றையே உள்ளிழுக்கும். சிலிண்டரில் அழுத்தம் குறையும். குறைந்த எண் அதற்குப் போதுமானதாயிற்று. இவ்வழக்கம் அவ்வாறு தோன்றியது. ஆனால் டர்போ, மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே திணிக்கிறது. மலையின் சலுகை அதற்குப் பெரிதும் இல்லாமற் போகிறது. புதிய வண்டிகள் பலவற்றின் கையேடுகள், உயரமான இடங்களிலும் 87-க்குக் குறையாத பெட்ரோலையே கேட்கின்றன.

என் மருமகன் இதற்கும் ஒரு படி மேலே சென்றிருந்தான். டியூனிங் என்பது பெரும்பாலும் இரண்டு காரியங்களைச் செய்கிறது: டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுகிறது, பொறி எழும் நேரத்தை முன்னே தள்ளுகிறது. இரண்டும் வலிமை தருவன. இரண்டும் பெட்ரோலிடம் மிகுந்த பொறுமையைக் கேட்பன. தட்டல் ஒலியை உணர்ந்து, பொறியின் நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காக்கும் உணர்கருவி வண்டியில் உண்டு. ஆயினும் அதன் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. சில மாற்றங்களில் அக்காவல் தளர்த்தப்படுவதும் உண்டு. அவன் வாங்கிய கட்டளைத் தொகுப்பின் குறிப்பை எடுத்துப் பார்த்தோம். ‘93 எண் பெட்ரோலுக்கு மட்டும்’ என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஊர்ப் பங்குகளில் நாங்கள் கண்ட மிக உயர்ந்த எண்ணோ 91. அவன் ஊற்றியதோ 85!

ஆகவே எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சுருக்கிக் கூறுகிறேன். மாற்றம் செய்யாத வண்டிக்குக் கையேடு கூறும் எண்ணே போதும். டர்போ வண்டி கோடையில் சுமை இழுக்கும்போது உயர்ந்த எண் நன்று என்று கையேடு கூறினால், அதன்படி நடக்க வேண்டும். மாற்றம் செய்த வண்டிக்குப் பழைய கையேட்டின் எண் செல்லாது. கட்டளைகளை எழுதியவர் எந்த எண்ணுக்கு எழுதினார் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அந்த எண் தம் ஊரில் கிடைக்காவிடில், கிடைக்கும் எண்ணுக்கு ஏற்பக் கட்டளைகளை மாற்ற வேண்டும். கலவையின் கணக்கையும் மறத்தலாகாது. பாதித் தொட்டியில் 85 இருக்க, மேலே பாதி 91 ஊற்றினால் கிடைப்பது ஏறக்குறைய 88 தான். தட்டல் ஒலி கேட்டால், அப்பொழுதே மிதியைத் தளர்த்தி, ஏற்றத்தையும் சுமையையும் தவிர்க்க வேண்டும். “ஏற்றத்தில் அப்படித்தான்” என்பது விடையாகாது.

அவன் எஞ்சினைச் செப்பனிட ஓராண்டுச் சேமிப்பு கரைந்தது. அதில் என் கரும்பலகைக்கும் ஒரு பங்கு உண்டு என்றே எண்ணுகிறேன். தரம் என்ற சொல், ‘உயர்ந்தது, தாழ்ந்தது’ என்ற எண்ணத்தை அவன் உள்ளத்தில் விதைத்தது. ‘எதைத் தாங்கும்?’ என்ற வினாவை அது எழுப்பவில்லை. நான் ஊர் திரும்புமுன், 91 எண்ணுக்கென எழுதிய கட்டளைகளை அவன் வண்டிக்கு இட்டான். பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியில் அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதி ஒட்டினான்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஏட்டில் ‘தரம்’ என்று எழுதியிருந்தால் அதனைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆக்டேன் எண் என்பது, அழுத்தமும் வெப்பமும் மிகும்போது தானே பற்றாது பொறுத்திருக்கும் பெட்ரோலின் ஆற்றலைக் குறிக்கும் எண். விடை சற்று நீண்டுவிட்டது. எனினும் நான் அதற்கு முழு மதிப்பெண் தருவேன்.