நிழலிடம் கேட்கட்டும் பிள்ளைகள்

நான்காம் வகுப்பில் அன்று ஒளியைப் பற்றிய பாடம். "நாம் பொருள்களை எவ்வாறு காண்கிறோம்?" என்று கேட்டேன். முன்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "நம் கண்ணிலிருந்து வெளிச்சம் போய்ப் பொருளின் மேல் படுகிறது, டீச்சர். இருட்டில் பூனையின் கண் மின்னுகிறதே!" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "தவறு, உட்கார்" என்று கூறிவிட்டு, சரியான விடையைக் கரும்பலகையில் எழுதி, அனைவரையும் மனனம் செய்யச் சொன்னேன். அதன் பின்னர் பல நாட்கள் அச்சிறுமி கை உயர்த்தவே இல்லை.

நான் செய்த பிழை பின்னரே எனக்குப் புரிந்தது. அவள் கூறியது தவறான விடைதான். ஆனால் அறிவீனமான விடையன்று. கிரேக்கப் பேரறிஞர் யூக்ளிடும், அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்வந்த தாலமியும் இதே கருத்தைத்தான் கொண்டிருந்தனர். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாக அவர்கள் எண்ணினர்.

இக்கருத்தை வலுவான சான்றுகளுடன் மறுத்தவர் இப்னுல் ஹைதம் ஆவார். கி.பி. 965ஆம் ஆண்டளவில் இராக்கின் பஸரா நகரில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040ஆம் ஆண்டளவில் மறைந்த பேரறிஞர் அவர். கடும் வெளிச்சத்தை நோக்கினால் கண் வேதனைப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். ஒளி வெளியிலிருந்து கண்ணுக்குள் வருவதால்தானே கண் வேதனைப்படுகிறது! அவருடைய 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, 1572ஆம் ஆண்டில் பாஸல் நகரில் அச்சேறியது. ஐக்கிய நாடுகள் சபை 2015ஆம் ஆண்டைச் சர்வதேச ஒளி ஆண்டாக அறிவித்தபோது, அவருடைய பணி உலகெங்கும் நினைவுகூரப்பட்டது.

பேரறிஞர்களின் பிழையையே திருத்தியது அதட்டல் அன்று, சோதனை. அப்படியிருக்க, ஒன்பது வயதுக் குழந்தையை மட்டும் நாம் ஏன் அதட்டித் திருத்த முயல்கிறோம்?

முற்றமே ஆய்வுக்கூடம்

நிழல் என்பது நம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருள் என்றும், இரவில் அது எங்கோ உறங்கப் போய்விடுகிறது என்றும் எண்ணும் பிள்ளைகள் உண்டு. "நிழல் என்பது ஒளி தடைபட்ட இடம்" என்று நாம் சொல்லிக் கொடுத்தால், அவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள், நம்பமாட்டார்கள். எனவே அவர்களை நிழலிடமே அனுப்புங்கள்.

வெயில் விழும் முற்றத்திலோ மாடியிலோ ஒரு நேரான குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மாடித் தரையானால் மணல் நிரப்பிய டின்னில் ஊன்றலாம். தரையிலிருந்து குச்சியின் நுனிவரை உள்ள உயரம் 100 செ.மீ. இருக்கட்டும். காலை முதல் மாலை வரை மணிக்கொருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்து, பக்கத்தில் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும், "அடுத்த மணி நேரத்தில் நிழல் எங்கே விழும்?" என்று முன்னதாகவே கேளுங்கள். பிள்ளை தன் ஊகத்திற்கும் ஒரு குறியிடட்டும். ஊகம் தவறும்போது அதைத் திருத்துவது நிழல்தான், நாம் அல்ல. அதனால் பிள்ளைக்கு வெட்கமில்லை.

காலையில் மேற்கே நீண்டு கிடந்த நிழல், உச்சிவேளையில் குறுகி, மாலையில் கிழக்கே நீள்வதை அவர்கள் காண்பார்கள். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் உச்சிவேளை நிழல் வடக்கு நோக்கி விழும். ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தெற்கு நோக்கி விழும். இடையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி, சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், செங்குத்தான குச்சிக்கு அவ்வேளையில் நிழலே இராது. கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10ஐயும் செப்டம்பர் முதல் நாளையும் ஒட்டி நிகழ்கிறது.

சுவரில் தொங்கும் அட்டவணை

நம் இல்லங்களில் தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகளிடம் என்றேனும் கூறியிருக்கிறோமா?

பகல் 11.30 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலை அளக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகிய கணமே உண்மையான உச்சிவேளை. அது கடந்து சூரியன் சாயத் தொடங்கும்போது லுஹர் நேரம் தொடங்குகிறது. அக்கணம் கடிகாரத்தின் 12 மணியோடு எப்போதும் பொருந்துவதில்லை. சென்னையில் நவம்பர்த் தொடக்கத்தில் அது 12 மணிக்குச் சில நிமிடங்கள் முன்னதாகவும், பிப்ரவரி நடுவில் 12.20க்குப் பின்னரும் வருகிறது. அட்டவணையில் லுஹர் நேரம் மாறிக்கொண்டே இருப்பதன் காரணம் இதுவே.

உச்சிவேளை நிழல் 20 செ.மீ. இருந்ததாகக் கொள்வோம். அதனுடன் குச்சியின் உயரமான 100 செ.மீ.ஐக் கூட்டினால் 120. நிழல் அந்த அளவைக் கடக்கும்போது ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின்படி அஸர் நேரம் தொடங்கும். ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி உயரத்தின் இருமடங்கைக் கூட்டவேண்டும். அதாவது 220 செ.மீ. பிள்ளை தானே அளந்து கண்ட நேரமும் அட்டவணையில் உள்ள நேரமும் நெருங்கி வருவதைக் காணும்போது அதன் முகத்தைப் பாருங்கள்! கணக்கும் அறிவியலும் வணக்கமும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பதை உபதேசமின்றியே அது உணர்ந்துகொள்ளும்.

இரவில் ஒரு பாடம்

மின்சாரம் தடைப்படும் இரவுகளில் சுவரில் அசையும் நிழலைக் கண்டு அஞ்சும் சிறுவர்கள் பலர். அவர்களை "பேசாமல் படு" என்று அடக்காமல், டார்ச் விளக்கை அவர்கள் கையிலேயே கொடுங்கள். விளக்கின் அருகே கையை நீட்டினால் நிழல் பெரிதாகிறது. சுவரருகே கொண்டுசென்றால் சிறிதாகிறது. இரண்டு விளக்குகள் இருந்தால் இரண்டு நிழல்கள். எவர்சில்வர் தட்டு, எண்ணெய் தடவிய தாள், கண்ணாடி டம்ளர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து, எதன் நிழல் கருமையானது என்று கேளுங்கள். தானே உண்டாக்கவும் மறைக்கவும் கூடிய ஒன்றிடம் குழந்தைக்கு அச்சம் நிலைப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. கிரகண நாளாயினும் அல்லவாயினும், சூரியனை நேராகப் பார்க்கப் பிள்ளைகளை அனுமதிக்காதீர்கள். விழித்திரைக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. கெடுதல் நிகழும்போது குழந்தைக்கு வலிக்காது. நிழலைப் பார்த்தே சூரியனைப் பற்றி அறிந்துகொள்ளட்டும். மெழுகுவர்த்தி ஏற்றும் சோதனைகளில் பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் அவசியம்.

அந்தச் சிறுமி

என் பிழையைத் திருத்திக்கொள்ள, ஒரு காலணிப் பெட்டியின் ஒருபுறத்தில் ஊசித்துளையிட்டு, எதிர்ப்புறத்தை வெட்டி எண்ணெய்த் தாள் ஒட்டி வகுப்பிற்குக் கொண்டுசென்றேன். சன்னல்களை மூடி, துளையின் முன் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினேன். தாளில் இரண்டு சுடர்கள் தலைகீழாகத் தெரிந்தன. "இடப்பக்கச் சுடரை மறைத்தால் தாளில் எது மறையும்?" என்று அச்சிறுமியிடம் கேட்டேன். "இடப்பக்கம்தான்" என்றாள். அட்டையால் அவளே மறைத்தாள். மறைந்ததோ வலப்பக்கம்! ஒளி துளையின் வழியே நேர்க்கோட்டில் குறுக்காகச் செல்கிறது. விளக்குகளை வரிசையாக வைத்து, ஒன்றை மறைத்துப் பார்த்து, இப்னுல் ஹைதம் செய்த சோதனையும் இத்தகையதே.

பின்னர் பூனையின் கண்ணைப் பற்றியும் கூறினேன். அது தானாக ஒளிர்வதில்லை. வெளியிலிருந்து வந்த ஒளியை, கண்ணின் பின்புறத்திலுள்ள ஒரு படலம் திருப்பி அனுப்புகிறது. சிறிது நேரம் யோசித்த சிறுமி, மெல்லக் கை உயர்த்தினாள். "அப்படியானால் வெளிச்சமே இல்லாத அறையில் பூனைக்கும் கண் தெரியாதா, டீச்சர்?"

தெரியாதுதான். ஆனால் அவளுடைய விடையை விட, மீண்டும் உயர்ந்த அந்தக் கைதான் அன்று எனக்கு மகிழ்ச்சியளித்தது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் அடுத்த கேள்விக்கு உடனே விடை கூறிவிடாதீர்கள். ஒரு குச்சியையும் சுண்ணக்கட்டியையும் எடுத்துக்கொண்டு, அதனுடன் முற்றத்திற்குச் செல்லுங்கள்.